‘வாதத்தைப் பலப்படுத்து’ வினாவில் நான் கோட்டைவிட்ட இடங்கள்: யாழ்ப்பாணத்திலிருந்து ஜிமற் எழுதப் போகிறவர்களுக்கு

உயர்தரத்தில் நான் வணிகப் பிரிவு. மூன்றாவது பாடமாக அளவையியலும் விஞ்ஞானமுறையும் எடுத்து, அதில் ஏ. அந்தத் திமிரில், முகாமைத்துவ முதுமாணிக்கான நுழைவுப் பரீட்சையான ஜிமற்றில் (GMAT) வாதம் சம்பந்தப்பட்ட வினாக்களுக்குப் படிக்கவே தேவையில்லை என்று நினைத்து, நாலு மாதமும் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தேன். பெறுபேறு வந்தது. கணக்கு நல்லாகத்தான் இருந்தது, மொழிப் பகுதிதான் விழுந்துபோனது. பயிற்சிப் பரீட்சைகளைத் திரும்ப எடுத்து, பிழைத்த வினாக்களை ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன். “பின்வருவனவற்றில் எது உண்மையானால், மேலுள்ள வாதத்தை மிகவும் பலப்படுத்தும்?” என்ற வகையில் பாதிக்கு மேல் பிழை.

இரண்டாம் தரம் சரிவந்தது. இடையில் எனக்குப் போன காசும் நாளும் உங்களுக்கும் போகவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அந்த வினா வகையைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லப்போகிறேன். கடவுச்சீட்டு, கொழும்புப் பயணம் பற்றியும் கொஞ்சம் வரும், அங்கேயும் நன்றாக அடிபட்டிருக்கிறேன்.

1. எந்தப் பரீட்சை என்று முதலில் முடிவெடுங்கள்

இந்த வினா வகை மூன்று பரீட்சைகளில் வரும். முகாமைத்துவ முதுமாணிக்குப் போகிறவர்களுக்கு ஜிமற். கனடாவிலோ அமெரிக்காவிலோ சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு எல்சற் (LSAT). மற்றப் பட்டப்பின்படிப்புகளுக்கு ஜிஆர்இ (GRE). அதில் வாசிப்புப் பகுதிக்குள் சின்னப் பத்தியாக இடைக்கிடை தலைகாட்டும்.

ஜிமற்றின் இப்போதைய வடிவம் 2023 நவம்பரில் வந்தது. மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம். மொழிப் பகுதியில் 23 வினா, அதாவது வினாவுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. மொத்தப் புள்ளி 205 முதல் 805 வரை. வசனத்தைத் திருத்தும் இலக்கண வினாக்களை இந்த வடிவத்தில் எடுத்துவிட்டார்கள். யாராவது அண்ணாமார் பழைய புத்தகம் தந்தால் வாங்குங்கள், வாதப் பகுதி இன்னும் பயன்படும். இலக்கணப் பகுதியைத் திறக்கவே வேண்டாம். நான் ஒரு மாதம் திறந்து வைத்திருந்தேன்.

எல்சற் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை இன்னும் கூடத் தேவை. 2024 ஓகஸ்டிலிருந்து அங்கே புதிர் விளையாட்டுப் பகுதி இல்லை. புள்ளிக்கு எடுக்கும் மூன்று பகுதிகளில் இரண்டு வாதப் பகுதிகள்தான். 35 நிமிடத்தில் 25 வினா அளவில் வரும், நேரம் இன்னும் நெருக்கடி.

2. கடவுச்சீட்டும் பெயரும்: படிக்கத் தொடங்கமுதலே முடியுங்கள்

பரீட்சைக்கு அடையாளமாகக் காலாவதியாகாத கடவுச்சீட்டு, மூலப்பிரதி வேண்டும். தேசிய அடையாள அட்டையை நம்பிப் போகவேண்டாம். கடவுச்சீட்டு எடுக்க ஒருகாலம் வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ ஓடினோம். 2025 செப்ரெம்பரிலிருந்து யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகம்) பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். படம் அங்கீகரிக்கப்பட்ட ஸ்ரூடியோவில் எடுக்கவேண்டும். அவர்கள் படத்தைக் கணினி வழியாக அனுப்பிவிட்டு உங்களுக்கு ஒரு பற்றுச்சீட்டுத் தருவார்கள். அதைத் தொலைக்காதீர்கள்.

நான் மாட்டுப்பட்டது பெயரில். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னாலும் எங்கள் பெயர் பின்னாலும் வரும். பதிவுப் படிவம் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று தனித்தனியாகக் கேட்டது. கடைசியாக வருவதுதான் குடும்பப் பெயர் என்று நினைத்து என் பெயரை அதில் போட்டு, அப்பாவின் பெயரை மற்றதில் போட்டுவிட்டேன். கடவுச்சீட்டில் தலைகீழாக இருந்தது. பரீட்சைக்கு மூன்று கிழமைக்கு முன் தற்செயலாகக் கண்டு, மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் போட்டு, எட்டு நாள் நித்திரை இல்லாமல் திருத்தினேன். பள்ளிச் சான்றிதழைப் பார்க்கவேண்டாம், கடவுச்சீட்டைத் திறந்து மேசையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பதியுங்கள். முதலெழுத்து மட்டும் போடுவதும் கூடாது.

3. காசு

அமெரிக்காவில் நிலையத்துக்குப் போய் ஜிமற் எழுத 275 டொலர், வீட்டிலிருந்து எழுத 300 டொலர். மற்ற நாடுகளுக்குக் கொஞ்சம் வித்தியாசப்படும். பதியும்போது இலங்கைக்குரிய தொகையைத் திரையில் காட்டும். கட்டுவதற்கு வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்துவிட்ட அட்டை வேண்டும். பல அட்டைகளில் அது பூட்டியே இருக்கும். முதலே வங்கிக்கு ஒரு நடை போய்த் திறந்துவிடச் சொல்லுங்கள். வெளிநாட்டிலுள்ள மாமாவின் அட்டையில் கட்டலாம் என்றால் அதுவும் ஆகும், ஆனால் அவர் வேலை முடிந்து வரும்வரை நீங்கள் நடுச்சாமத்தில் காத்திருக்கவேண்டும்.

திகதியை மாற்றினால் தண்டப்பணம் உண்டு. பரீட்சை நெருங்க நெருங்க அந்தத் தொகை ஏறும், கடைசி 24 மணித்தியாலத்துக்குள் மாற்றவே முடியாது. ஒரு தரம் எழுதினால் அடுத்த தரத்துக்குக் குறைந்தது 16 நாள் இடைவெளி வேண்டும். 12 மாதத்துக்குள் ஐந்து தரம்வரை எழுதலாம். பல்கலைக்கழக விண்ணப்ப முடிவுத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, இரண்டு தரம் எழுத இடம் விட்டுத் திகதி எடுங்கள். என்னைக் காப்பாற்றியது அந்த இடைவெளிதான்.

4. அம்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள்

இனி விஷயத்துக்கு வருவோம். பத்தியை வாசிக்கமுதல் கேள்வி வரியை வாசியுங்கள். ஒரே சொற்களை வைத்துக்கொண்டு இரண்டு வகையாகக் கேட்பார்கள்.

ஒன்று: “பின்வருவனவற்றில் எது உண்மையானால், மேலுள்ள வாதத்தைப் பலப்படுத்தும்?” இதில் விடைகள் உண்மை. அவை மேலே உள்ள வாதத்துக்கு முட்டுக் கொடுக்கவேண்டும்.

மற்றது: “மேலுள்ளவை உண்மையானால், அவை பின்வருவனவற்றில் எதை மிகவும் பலமாக ஆதரிக்கின்றன?” இதில் பத்தி உண்மை. அது கீழே உள்ள விடைக்கு முட்டுக் கொடுக்கவேண்டும்.

‘உண்மையானால்’ என்பது எதோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள், அது போதும். முதல் வகையில் பத்தியில் இல்லாத புதுச் செய்தி விடையாக வரலாம், பெரும்பாலும் அப்படித்தான் வரும். இரண்டாவது வகையில் புதுச் செய்தி வந்தால் அநேகமாகப் பிழை. இந்த வித்தியாசம் தெரியாமல், ‘இது பத்தியிலேயே இல்லையே’ என்று சரியான விடைகளை வெட்டித்தள்ளினேன்.

இன்னொன்று. முதல் வகையில் விடையின் உண்மை பொய்யைப் பற்றிச் சண்டை பிடிக்கவேண்டாம். ‘இப்படி எங்கேயும் நடக்காதே’ என்று உங்கள் மனம் சொல்லும். நடந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் ‘உண்மையானால்’ என்று கேட்கிறார்கள்.

5. முடிவை ஒரு வசனத்தில் பிடியுங்கள்

வாதம் என்றால் ஒரு முடிவும் அதைத் தாங்கும் எடுகூற்றுகளும், அதாவது காரணமாகச் சொல்லும் கூற்றுகளும். எது முடிவு? ‘ஆகவே’ என்று தொடங்குவது முடிவு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் முடிவை முதல் வசனமாக வைத்துவிட்டு, ‘ஏனென்றால்’ என்று காரணத்தைப் பின்னால் போடுவதும் அவர்களுக்குப் பிடித்தமான வேலை. சந்தேகமாக இருந்தால் இரண்டு வசனங்களுக்கும் நடுவில் ‘ஆகவே’ போட்டு, முன்னும் பின்னும் மாற்றி வாசித்துப் பாருங்கள். எது காதுக்கு ஒத்துவருகிறதோ அதுதான்.

முடிவில் உள்ள சின்னச் சொற்களை விடாதீர்கள். ‘இலாபம் கூடும்’ வேறு, ‘விற்பனை கூடும்’ வேறு. ‘காரணங்களில் ஒன்று’ வேறு, ‘ஒரே காரணம்’ வேறு. இரண்டு விடைகளில் மிஞ்சி நின்று தலையைச் சொறியும்போது, பத்துக்கு எட்டுத் தரம் தீர்வு இந்தச் சின்னச் சொல்லில்தான் இருக்கும்.

6. அம்மாவின் பக்கம் நில்லுங்கள்

இதுதான் முக்கியம். மற்றதை ஓடியோடி வாசித்தாலும் இதை நின்று வாசியுங்கள்.

அளவையியலில் எங்களுக்குப் பழக்கியது என்ன? வாதம் வாய்ப்பானதா (எடுகூற்றுகள் உண்மையானால் முடிவும் கட்டாயம் உண்மையாகுமா), வாய்ப்பற்றதா. நடுவில் ஒன்றும் இல்லை. அந்தக் கண்ணோடு இந்த வினாக்களுக்குள் போனால், முடிவை முழுதாக நிரூபிக்கும் விடையைத் தேடுவீர்கள். அப்படி ஒன்று இருக்காது. ஐந்தையும் வெட்டிவிட்டு, கடைசியில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதைப் போடுவீர்கள். நான் அதைத்தான் செய்தேன். இங்கே விடை முடிவைக் கொஞ்சம் கூடுதலாக நம்பத்தக்கதாக ஆக்கினால் போதும். நூற்றுக்கு ஐம்பது நம்பியவன் அறுபது நம்பினால் பலப்படுத்தியாயிற்று.

எனக்கு இது விளங்கியது வீட்டில், குசினிக்குள். அம்மா தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தா: “சின்னம்மாவின்ர மூத்தவன் விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிச்சவன். மெடிசின் கிடைச்சது. நீயும் எழும்பு.” தம்பி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை: “அவன் கெட்டிக்காரன் அம்மா. எப்ப படிச்சிருந்தாலும் கிடைச்சிருக்கும்.”

தம்பி செய்ததற்குப் பெயர் இடைவெளியைக் கண்டுபிடிப்பது. எடுகூற்று: விடியப் படித்தான், கிடைத்தது. முடிவு: விடியப் படித்ததால் கிடைத்தது. நடுவில் ஒரு பள்ளம். வேறு காரணம் இருக்கலாமே? தம்பிக்கு ஆங்கிலத்தில் ஒரு பத்தி கொடுத்து இதையே கேட்டால் வாயடைத்துப் போவான். தமிழில், அதுவும் அம்மாவோடு வாய்காட்டும்போது, கணத்தில் வருகிறது.

இப்போது அம்மாவின் பக்கம் நின்று யோசியுங்கள். தம்பியின் வாயை அடைக்க அம்மாவுக்கு என்ன செய்தி வேண்டும்? “அவன் முதல் தரம் எழுதேக்க இரவில படிச்சவன், கிடைக்கேல்லை. இரண்டாம் தரம் அதே ரியூஷன், அதே கொப்பி, விடிய எழும்பினது மட்டும்தான் புதுசு.” இதனால் நிரூபணம் வந்துவிட்டதா? இல்லை. இரண்டாம் தரம் எழுதுகிறவனுக்கு ஒரு வருடப் பழக்கமும் இருக்கிறதே. ஆனாலும் தம்பியின் மறுப்புக்கு இருந்த பலம் போய்விட்டது. அம்மாவின் வாதம் முன்னைவிடப் பலம். அதுதான் விடை.

ஆகவே என் முறை இதுதான். பத்தியை வாசித்ததும், விடைகளைப் பார்க்கமுதல், அந்த வாதத்தை உங்களிடம் யாரோ வீட்டில் சொல்வதாக நினைத்து, தமிழில் ஒரு மறுப்பு வசனம் மனதுக்குள் சொல்லுங்கள். ‘அது சரி, ஆனால்…’ என்று தொடங்கினால் தானாக வரும். பிறகு, அந்த மறுப்பை அடைக்கும் விடையைத் தேடுங்கள். தமிழில் யோசித்தால் நேரம் போகும் என்று ரியூஷனில் ஒரு சேர் பயமுறுத்தினார். பத்து விநாடி போகும்தான். வருவது ஒரு நிமிடம்.

7. ஒரு வினா, முழுதாக

நானே இட்டுக்கட்டிய ஒன்று. பரீட்சையில் வருவதும் இந்த அமைப்புத்தான்.

“ஓர் ஊரில் சின்ன வெங்காயம் செய்யும் விவசாயிகள் எல்லோரும் கடந்த போகத்தில் வாய்க்காலில் தண்ணீர் விடுவதை நிறுத்திச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறினார்கள். அந்தப் போகத்தின் விளைச்சல் முந்தைய போகத்தைவிடக் கணிசமாகக் கூடியது. ஆகவே, விளைச்சல் கூடியதற்குச் சொட்டுநீர்ப் பாசனமே காரணம்.”

எது உண்மையானால் வாதத்தை மிகவும் பலப்படுத்தும்?

(1) சொட்டுநீர்க் குழாய்களுக்குப் போட்ட காசை இரண்டு போகத்தில் மீட்டுவிடலாம்.
(2) மாறிய விவசாயிகளில் ஒருவருக்குக்கூட விளைச்சல் குறையவில்லை.
(3) அதே போகத்தில், பக்கத்து ஊரில் அதே வகை மண்ணில் அதே விதைவெங்காயத்தை நட்டு வாய்க்காலிலேயே தண்ணீர் விட்டவர்களின் விளைச்சல் முந்தைய போகத்தைப் போலவே இருந்தது.
(4) மாறிய விவசாயிகள் பலர் அந்தப் போகத்தில் புதிய பசளை ஒன்றையும் பயன்படுத்தினார்கள்.
(5) சொட்டுநீர்ப் பாசனத்தால் கிணற்று நீர் பெருமளவு மிச்சமாகும்.

மறுப்பு வசனம் என்ன? ‘அது சரி, ஆனால் போன போகம் மழை, வெயில் நல்லாக அமைந்திருக்கலாமே, விதை நல்லதாக இருந்திருக்கலாமே.’ அந்த வாயை அடைப்பது எது? மூன்று. அதே காலநிலை, அதே மண், அதே விதை, தண்ணீர் விட்ட முறைதான் வேறு. அங்கே விளைச்சல் கூடவில்லை.

நான் விழுந்திருப்பேன் என்று நினைப்பது ஐந்தில். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுதும் ஓடும் ஆறு இல்லை. பெரும்பாலும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீரை நம்பித்தான் குடிக்கிறோம், இறைக்கிறோம். கிணற்று நீர் மிச்சம் என்றதும் மனம் ‘ஓம், நல்ல விஷயம்’ என்று தலையாட்டும். சொட்டுநீர்ப் பாசனம் நல்லதா என்று யாரும் கேட்கவில்லை. விளைச்சலுக்கு அதுதான் காரணமா என்பதுதான் கேள்வி. ஒன்றும் இதே சாதி. பொதுவாகச் சொட்டுநீரைப் புகழ்கிறது, முடிவைத் தொடவில்லை.

இரண்டு கொஞ்சம் நுணுக்கம். விளைச்சல் கூடியது என்பது ஏற்கெனவே எடுகூற்றில் இருக்கிறது. அதை இன்னும் அழுத்திச் சொல்கிறது இந்த விடை. எடுகூற்றை யாரும் சந்தேகிக்கவில்லையே. பள்ளம் இருப்பது எடுகூற்றுக்கும் முடிவுக்கும் நடுவில். கரையில் மண் கொட்டி என்ன பயன்? நாலு நேரெதிர், வாதத்தைப் பலவீனப்படுத்துகிறது. நேரெதிர் விடை ஒன்றை அநேகமாக வைப்பார்கள். வாதத்தோடு ஒட்டிப் பேசுவதால் ‘சம்பந்தம் இருக்கிறது’ என்று அவசரத்தில் அதைப் போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

8. பள்ளங்கள் பெரும்பாலும் எங்கே இருக்கும்

காரணம் சொல்லும் வாதங்கள்தான் கூடுதலாக வரும். வெங்காயமும் அதுதான், அம்மாவும் அதுதான். பலப்படுத்த வழிகள்: வேறு காரணம் இல்லை என்று காட்டுவது, காரணம் இல்லாத இடத்தில் விளைவும் இல்லை என்று காட்டுவது, விளைவுதான் காரணத்தை உண்டாக்கியது என்ற தலைகீழ்ச் சாத்தியத்தை அடைப்பது, எப்படி நடக்கிறது என்ற இடைப்பட்ட பொறிமுறையைச் சொல்வது.

வேறு காரணத்துக்கு இன்னோர் உதாரணம் வேண்டுமென்றால் எங்கள் ஊர் மதில்களைப் பாருங்கள். ‘எம்மிடம் படித்தோரில் இத்தனை பேருக்கு 3 ஏ’ என்று பதாகை கட்டாத தனியார் கல்வி நிலையம் உண்டா? வாதம்: எங்களிடம் படித்தவர்கள் நல்ல பெறுபேறு எடுத்தார்கள், ஆகவே எங்கள் படிப்பித்தல் நல்லது. மறுப்பு: கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கித்தானே எடுத்தீர்கள்? பலப்படுத்தும் செய்தி எப்படி இருக்கும் என்றால், ‘சேரும்போது அந்தப் பிள்ளைகளின் சாதாரணதரப் பெறுபேறு மற்ற நிலையங்களின் பிள்ளைகளினதைவிட உயர்வாக இருக்கவில்லை.’ அதில் ‘இல்லை’ இருப்பதைக் கவனியுங்கள். சரியான விடைகள் பல இப்படி எதையோ இல்லையென்று சொல்லும். அடக்கமாக, உப்புச்சப்பில்லாமல் இருக்கும். அதனால்தான் கண்ணில் படாது.

திட்டம் சொல்லும் வாதங்கள் அடுத்தது. ‘வாசிகசாலையை இரவு ஒன்பது மணிவரை திறந்தால் மாணவர்கள் கூடுதலாக வருவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு மாலை வகுப்பு ஏழு மணிக்குத்தான் முடிகிறது.’ மறுப்பு: ஒன்பது மணிக்குப் பிறகு வீட்டுக்கு எப்படிப் போவது? ‘சுற்றுக் கிராமங்களுக்கான கடைசி பஸ் ஒன்பதரைக்குத்தான் புறப்படும்’ என்பது விடையாக வந்தால் போட்டுவிட்டு நகருங்கள். திட்டம் நடக்கும், குறுக்கே ஒன்றும் நிற்காது என்று காட்டினால் சரி.

கருத்துக்கணிப்பு வந்தால், கேட்கப்பட்டவர்கள் மற்றவர்களைப் போன்றவர்கள்தானா என்று பாருங்கள். ஒப்பீடு வந்தால், இரண்டும் தேவையான விதத்தில் ஒத்தவையா என்று பாருங்கள். எண்ணிக்கையும் சதவீதமும் கலந்து வந்தால் மொத்தத் தொகை மாறியதா என்று பாருங்கள். இந்த மூன்றும் ஒரு நாள் பயிற்சியில் பிடிபடும், விரித்து எழுதத் தேவையில்லை.

9. பொறிகள் இன்னும் மூன்று

‘எல்லா’, ‘ஒருபோதும்’, ‘மாத்திரம்’ போன்ற கடும் சொற்கள் இருந்தால் வெட்டு என்று சொல்லித் தருவார்கள். அந்த விதி பத்தியிலிருந்து எதை அனுமானிக்கலாம் என்று கேட்கும் வினாக்களுக்கு உரியது. பலப்படுத்தும் வினாவில் கடும் சொல் குற்றமில்லை. உண்மை என்று ஏற்றுக்கொண்டபின் கடுமையாக இருந்தால் இன்னும் நல்லதுதானே.

விடையை மறுத்துப் பார்க்கும் உத்தி ஒன்று உண்டு: அதை இல்லையென்றால் வாதம் உடைகிறதா என்று பார்ப்பது. அது எடுகோளை (வாதம் வெளியே சொல்லாமல் நம்பியிருக்கும் கருத்தை) கேட்கும் வினாவுக்கான உத்தி. இங்கே பாவித்தால் நல்ல விடைகளை இழப்பீர்கள். வெங்காய வினாவில் பக்கத்து ஊர் என்று ஒன்றே இல்லாவிட்டாலும் வாதம் உடையாது. ஆனாலும் அதுதான் விடை.

கடைசியாக, ‘ஒன்றைத் தவிர’ என்று வரும் வினா. நாலு விடை பலப்படுத்தும், ஒன்று பலப்படுத்தாது, அந்த ஒன்றைக் கேட்பார்கள். அது பலவீனப்படுத்தத்தான் வேண்டும் என்றில்லை. சும்மா சம்பந்தமில்லாமலும் இருக்கலாம். எல்சற்றில் இதை அதிகம் காண்பீர்கள்.

10. பயிற்சிக்கு எவ்வளவு நாள்

இந்த ஒரு வகைக்கு எனக்கு ஆறு கிழமை போனது, நாளுக்கு ஒரு மணித்தியாலம். முதல் இரண்டு கிழமை நேரம் பார்க்காதீர்கள். ஒரு வினாவுக்குப் பத்து நிமிடம் என்றாலும் எடுத்து, முடிவு, மறுப்பு வசனம் இரண்டையும் கையால் எழுதுங்கள். நான் பொதுசன நூலகத்தில் இருந்து எழுதினேன். வீட்டில் மின்விசிறி, சாப்பாடு, தம்பி. பிறகு மெதுவாக இரண்டு நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

காசு கொடுத்து வினா வாங்கமுதல் இலவசமானவற்றை முடியுங்கள். ஜிமற் நடத்துகிறவர்களின் தளத்தில் கணக்குத் திறந்தால் இரண்டு முழுப் பயிற்சிப் பரீட்சை இலவசம். எல்சற் நடத்துகிறவர்களும் சில முழுப் பரீட்சைகளை இலவசமாக விட்டிருக்கிறார்கள். ஜிஆர்இக்கும் இரண்டு உண்டு. மற்றவர்கள் இட்டுக்கட்டிய வினாக்களில் (என்னுடைய வெங்காயம் உட்பட) தரம் முன்பின்னாக இருக்கும். உத்தியைப் பழக அவை போதும், புள்ளியைக் கணிக்கப் போதாது.

பிழைக் கொப்பி ஒன்று வையுங்கள். சரியான விடை ஏன் சரி என்று எழுதுவதைவிட, நான் போட்ட பிழையான விடை எனக்கு ஏன் பிடித்தது என்று எழுதுவதில்தான் பலன் இருக்கிறது. என் கொப்பியில் முப்பது பிழைக்குள் பன்னிரண்டுக்கு எதிரே ‘உலக அறிவு’ என்று எழுதியிருந்தேன். அதாவது, எனக்குத் தெரிந்த உண்மை என்பதற்காகப் போட்டவை. உங்களுடையது வேறாக இருக்கலாம், எழுதினால்தான் தெரியவரும்.

11. பரீட்சை நாள்

வீட்டிலிருந்து எழுதுவதா, கொழும்புக்குப் போவதா? வீட்டில் எழுத, தனி அறை, கமெரா, அறுபடாத இணையம் வேண்டும். பரீட்சை நடக்கும்போது ஒருவர் கதவைத் திறந்து “தேத்தண்ணி குடிக்கிறியா?” என்று கேட்டாலே பிரச்சினை. மின்சாரம் போனால் அதைவிடப் பிரச்சினை. பக்கத்துக் கோயிலில் திருவிழா என்றால் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லவும் முடியாது, ஆகவே கொடியேற்றத் திகதியைப் பார்த்துவிட்டுப் பதியுங்கள். நான் இரண்டு தரமும் கொழும்புக்குத்தான் போனேன்.

முதல் தரம் இரவு பஸ்ஸில் ஏறி, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் குலுங்கி, விடிய ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் இறங்கி, முகம் கழுவிவிட்டு எட்டு மணிக்குப் போய் இருந்தேன். மொழிப் பகுதியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்த நேரம் ஆங்கில எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. அந்தத் தவறைச் செய்யாதீர்கள். முதல் நாளே போங்கள், வெள்ளவத்தையில் சொந்தக்காரர் இல்லாத யாழ்ப்பாணத்தார் குறைவு. இல்லையென்றால் ஓர் இரவு அறை வாடகையையும் பரீட்சைச் செலவிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நிலையத்துக்கு அரை மணித்தியாலம் முதலே போய்விடவேண்டும்.

மூன்று பகுதிகளின் ஒழுங்கை நீங்களே தெரிவுசெய்யலாம். இரண்டாம் தரம் நான் மொழிப் பகுதியை முதலில் எடுத்தேன். நடுவில் ஒரு பத்து நிமிட இடைவேளை உண்டு, அதையும் எடுத்துக்கொண்டேன். அழித்தெழுதும் பலகை ஒன்று தருவார்கள். ஒவ்வொரு வாத வினாவுக்கும் அதில் மறுப்பு வசனத்தை இரண்டு சொல்லில் தமிழில் கிறுக்கினேன். ‘மழை?’ ‘பொறுக்கி எடுத்தது?’ ‘பஸ்?’ என்ற மாதிரி. மேற்பார்வையாளர் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பகுதி முடிவில் நேரம் மிஞ்சினால் மூன்று விடைகள்வரை திரும்பி மாற்றலாம். சந்தேகமான வினாக்களைப் போகப் போகக் குறித்துவையுங்கள். வினாக்களை முடிக்காமல் விட்டால் புள்ளி குறையும், கடைசி இரண்டு நிமிடத்தில் மிச்சம் இருந்தால் ஊகித்தாவது போட்டு முடியுங்கள். நான் குறித்து வைத்த மூன்றில் ஒன்றைத்தான் மாற்றினேன். அதில் முதலில் போட்டிருந்தது, எடுகூற்றையே திரும்பச் சொல்லும் விடை.